இடது ஆறு, வலது நாலு

“தாயே, என் கடைக்கு இப்பல்லாம் கால் மட்டும்தான் வருது,” என்றார் வேலாயுதம்.

தென்காசியில் முப்பது வருஷமாகச் செருப்புக் கடை வைத்திருப்பவர். கேட்டுக்கொண்டிருந்த குழல்வாய்மொழி அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. குற்றாலம் போகும் வழியில் ஒரு சின்னத் தோட்டத்தில் தனியாக இருந்தார். துறவி. அதிகம் பேசமாட்டார்.

“வாரான். போட்டுப் பாக்கான். நாலடி நடக்கான். நம்பரைக் குறிச்சுக்கிட்டுப் போயி, அதே செருப்பை போன்ல வாங்கிருதான். அந்த விலைக்கு எனக்கே சரக்கு கிடைக்காது. சித்திரையோட கடையை மூடிரலாம்னு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அம்மை ஒரு பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தார்.

“இதுல ஏறி நில்லுங்க, அண்ணாச்சி.”

நின்றார். அம்மை கையில் பென்சிலோடு குனிந்து அவர் பாதத்தைப் பிடித்தார்.

வேலாயுதம் பதறிப்போனார். “ஐயோ, என் காலை நீங்க தொடுறதாவது!”

“ஆடாம நில்லுங்க.”

இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, அம்மை தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

வேலாயுதம் பார்த்தார். இடது பாதம் வலதைவிட ஒரு நெல்லளவு நீளம்.

“இடது சுண்டுவிரல்ல காய்ச்சுப் போயிருக்கே,” என்றார் அம்மை. “எப்போ வந்தது?”

“அது... செருப்பு கடிச்சு வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலயே இருக்கு.”

அம்மை செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

மறுநாள் காலை வேலாயுதம் கல்லாவை விட்டு எழுந்து வந்து, குட்டை முக்காலியில் உட்கார்ந்தார். வந்தவர்களையெல்லாம் தாளில் ஏறி நிற்கச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் நேரமில்லை என்று போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் சுகிர்தா டீச்சர் வந்தார். நடைப்பயிற்சிக்கு ஷூ வேண்டும். கோடு போட்டுப் பார்த்தால், இடது பாதம் இரண்டு நம்பர் சிறிது. பிறவியிலேயே அப்படி.

“ரெண்டு ஜோடி எடுங்க அண்ணாச்சி. ஆறுல ஒண்ணு, நாலுல ஒண்ணு. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான் வாங்குவோம். மிஞ்சுறதைத் தூரப் போட்டுருவேன்.”

வேலாயுதம் இரண்டு பெட்டிகளையும் திறந்தார். வலதுக்கு ஆறு, இடதுக்கு நாலு. ஒரே பெட்டியில் வைத்து, ஒரு ஜோடி விலையைச் சொன்னார்.

டீச்சர் விலையை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். பிறகு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே வேலாயுதம் தோட்டத்துக்கு ஓடினார். கையில் மிஞ்சிய ஷூ இரண்டும்.

“பெருமையா வித்துட்டேன் தாயே. இப்ப இதைப் பாருங்க. இடது ஆறு, வலது நாலு. இதைச் சேர்த்துப் போடத் தென்காசியில ஒரு ஆளு கிடையாது. இப்படி வித்தா சித்திரை வரைக்கும்கூடத் தாங்காது.”

“தென்காசியிலதானே?” என்றார் அம்மை.

அம்மை மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று வேலாயுதம் காத்திருந்தார். அவர் பூப்பறிக்கப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்தபோது வேலாயுதத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு வருஷமாக அவர் திட்டித் தீர்த்த பொருள் அங்கேதான் இருந்தது.

ஷூ இரண்டையும் மடியில் வைத்துப் போனில் படம் எடுத்தார். ஒற்றை விரலால் தட்டினார். ‘இடது ஆறு, வலது நாலு. புதுசு. யாருக்காவது வேணுமா?’ இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்.

நாலு நாள் ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் தருமபுரியிலிருந்து செய்தி. ‘இது நிஜமாங்கண்ணா? பரீட்சை முடிஞ்சதும் நேர்ல வரேன். யாருக்கும் குடுத்துடாதீங்க. செவ்வந்தி.’

பிறகு திருச்சியிலிருந்து ஒரு ஆட்டோ டிரைவர். பாலக்காட்டிலிருந்து ஒரு தபால்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகப்பன், மகனுக்காக. பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பச் சொன்னார் வேலாயுதம். ஊர் ஊராகப் பாதங்கள் வந்து குவிந்தன. ஒருவருக்கு மிஞ்சியது இன்னொருவருக்குப் பொருந்தியது. பொருந்தாததற்கு ஆள் வரும் என்று அலமாரியில் வைத்தார். வந்தார்கள்.

சித்திரை பிறந்தது. கடையை மூடவில்லை. மாடியையும் வாடகைக்குப் பிடித்தார்.

அந்த வாரம்தான் செவ்வந்தி வந்தாள். கல்லூரிப் பெண். வளைந்த வலது பாதத்தோடு பிறந்து, ஆபரேஷனில் சரியானவள்; பாதம் மட்டும் சின்னதாகவே நின்றுவிட்டது. வலது ஷூவைக் கழற்றி, நுனியில் திணித்திருந்த பஞ்சை எடுத்துக் கீழே வைத்தாள்.

வேலாயுதம் குனிந்து, அவளுக்காக எடுத்து வைத்திருந்த ஷூ இரண்டையும் மாட்டிவிட்டார்.

அவள் எழுந்தாள். ஓரடி வைத்தாள். இன்னொரு அடி.

“அண்ணா, ஓடிப் பாக்கட்டுமா?”

“ஓடும்மா.”

படி இறங்கி ஓடினாள். பூக்கடையைத் தாண்டி, வங்கியைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினாள். நிற்கவில்லை. மறுபடியும் ஓடினாள்.

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். “யாரு அண்ணாச்சி அது, இந்த ஓட்டம் ஓடுது?”

வேலாயுதம் கீழே கிடந்த பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

“நம்ம கடைக் கஸ்டமர்,” என்றார்.