ராஜாவின் இலைக்கு மட்டும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு ரசம் வந்து சேரவில்லை. ராஜா கதை என்றால் படையெடுப்பில்தான் தொடங்க வேண்டுமா என்ன? இது ரசத்தில் தொடங்குகிறது.

விருந்தென்றால் ராஜாவும் ஊராரோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பது அந்த வம்சத்து வழக்கம். அன்று அவர் சோற்றில் குழி வெட்டிக் காத்திருந்தார். ரச வாளியோடு வந்தவன், நாலு இலைக்கு முன்னால் ஒரு ஊர்த்தலைவரிடம் மாட்டிக்கொண்டான். "இன்னும் கொஞ்சம்" என்றார் தலைவர். பிறகு "அடிமண்டி போடப்பா" என்றார். அதற்கும் பிறகு உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். ராஜாவின் இலைக்கு வந்தபோது வாளி காலி. பசித்தவன் ராஜாவானால் என்ன, ஆண்டியானால் என்ன, கோபம் ஒன்றுதான்.

மறுநாள் சபை கூடியதும் ராஜா சொன்னார்: "இனி எனக்கென்று தனியாக ஒரு பரிமாறுபவன் வேண்டும். என் இலை ஒன்றே அவன் வேலை. வரும் என் பிறந்தநாள் விருந்துக்குள் ஆளைத் தேர்ந்தெடுங்கள்."

லேசான வேலையில்லை அது. பிறந்தநாளன்று காலை முதல் விளக்கு வைக்கும் வரை பந்தி ஓயாது. ஒவ்வொரு பந்தியிலும் ராஜா உட்கார்ந்து ஒரு பிடியாவது சாப்பிட வேண்டும். அதற்கு ஈடு கொடுக்கிறவன் கை சோராத, கவனம் சிதறாத ஆளாக இருக்க வேண்டும்.

மடைப்பள்ளி அதிகாரி வரதுங்கர் எழுந்தார். சபையின் விகடகவி சாத்தப்பன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் வரதுங்கருக்கு வயிறு எரியும்.

"அரசே, அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கச் சாத்தப்பனே தகுந்தவர். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். அவர் தேர்ந்தெடுக்கும் ஆள் அடுத்தவர் இலையில் ஒரு பருக்கை வைத்தாலும், தாங்கள் ஒருமுறை 'ரசம் எங்கே' என்று கேட்க நேர்ந்தாலும், சாத்தப்பன் நாட்டை விட்டே போக வேண்டும்."

ரசக் கோபம் ஆறாத ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சாத்தப்பன் ஆள் தேடினான். பெரிய அண்டாவை ஒற்றைக் கையில் தூக்கும் மல்லன் வந்தான். "பந்தியில் உன் மாமனார் உட்கார்ந்து அப்பளம் கேட்டால்?" என்றான் சாத்தப்பன். "வைக்காமல் இருந்தால் வீட்டுக்குப் போக முடியுமா சாமி?" என்றான் மல்லன். காற்றாய் ஓடும் ஒருவன் வந்தான். அவனுக்குப் பந்தி நெடுக நண்பர்கள். வெள்ளி வாளியோடு வரதுங்கரின் மருமகனே வந்தான். அவனுக்கு வாளியின் பளபளப்பிலேயே கண். தூக்கத் தெரிந்தவன் உண்டு, ஓடத் தெரிந்தவன் உண்டு. இன்னொருத்தர் கூப்பிட்டால் திரும்பாதவன்தான் கிடைக்கவில்லை.

சாத்தப்பனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு எங்கே போய் யாரைச் சிரிக்க வைப்பது? சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அவன் மனைவி வடிவு சலித்துக்கொண்டாள்.

"ஏங்க, சட்டி பக்கத்துலதானே இருக்கு? எடுத்துப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்களேன். தன் கையே தனக்கு உதவின்னு சும்மாவா சொன்னாங்க?"

சாத்தப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று இரண்டு ஆள் சோறு சாப்பிட்டான்.

பிறந்தநாள் வந்தது. ராஜாவின் இலையருகே சோறு, குழம்பு, ரசம் எல்லாம் தனித்தனிப் பாத்திரத்தில், சூடு ஆறாமல் தணல் மேல் இருந்தன. பரிமாறுபவனைத்தான் காணோம்.

"எங்கே என் ஆள்?" என்றார் ராஜா.

சாத்தப்பன் ஒரு கரண்டியைப் பட்டுத்துணியில் வைத்து நீட்டினான். "அரசே, நாடெல்லாம் தேடிவிட்டேன். பிறந்தது முதல் அடுத்தவர் இலைக்குப் பரிமாறியே அறியாதவர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருக்கிறார். தங்கள் பசி மற்ற எவருக்கும் முன்பே தெரிந்தவரும் அவர்தான். அவர் தாங்களே."

ராஜா முறைத்தார். ஆனால் பசி முந்திக்கொண்டது. சோற்றைப் போட்டுக்கொண்டார், குழி வெட்டினார், குழியில் ரசத்தை விட்டுக்கொண்டார். கேட்ட நேரத்துக்கு அல்ல, நினைத்த நேரத்துக்கு ரசம் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

இரண்டாம் பந்தியும் அப்படியே போயிற்று. அது முடிந்து ராஜா கை கழுவிவிட்டு வந்தபோது, மூன்றாம் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஒரு குயவர், சோற்றில் குழி வெட்டிவிட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரதுங்கரின் மருமகன் வெள்ளி வாளியோடு எங்கேயோ நின்று பேசிக்கொண்டிருந்தான். காத்திருக்கும் குழியின் வேதனை ராஜாவுக்குத் தெரியாததா? சட்டென்று ரசத்தை மொண்டு குயவர் இலையில் விட்டார். பின்னாலேயே ஒரு கரண்டி சோறும் வைத்தார்.

வரதுங்கர் துள்ளி எழுந்தார். "அரசே! சாத்தப்பன் தேர்ந்தெடுத்த ஆள் அடுத்தவர் இலையில் பரிமாறிவிட்டார்! ஒரு பருக்கை அல்ல, ஒரு கரண்டி! நிபந்தனைப்படி சாத்தப்பன் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவின் கை கரண்டியோடு நின்றது. தம் கையாலேயே சாத்தப்பனை ஊரைவிட்டு அனுப்பிவிட்டோமே என்று அவர் முகம் வாடியது. சாத்தப்பனோ இரண்டு கைகளையும் கூப்பினான்.

"இப்போதே புறப்படுகிறேன் அரசே. அதற்கு முன் அதிகாரி ஒன்றை மட்டும் தெளிவுபடுத்தட்டும். இந்த இலைகளை நறுக்கி வந்த வாழைத்தோட்டம் யாருடையது? மன்னருடையது. இந்த நெல்லும் இந்த மண்ணும் மன்னருடையவை. குயவர் மன்னரின் குடி. அவர் முன்னால் இருப்பது மட்டும் அடுத்தவர் இலையா? மன்னரின் நாட்டுக்குள்ளேயே மன்னருக்குச் சொந்தமில்லாத இடம் ஒன்று உண்டு என்கிறாரா வரதுங்கர்? உண்டு என்று சபையறியச் சொல்லட்டும். நான் போகிறேன்."

வரதுங்கர் வாயைத் திறந்தார். உண்டு என்றால் ராஜத் துரோகம், இல்லை என்றால் தோல்வி. கடைசியில், "எல்லா இலையும் மன்னர் இலையே" என்று முனகினார்.

ராஜா இலை பறக்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். சாத்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மாலையைப் பார்க்கவில்லை, இனி எங்கும் போக வேண்டாம் என்பதை நினைத்தான்.

பிறகு ராஜா திரும்பினார். "வரதுங்கரே, என் இலைக்குப் பரிமாறுவது உமக்குச் சம்மதம்தானே?"

"என் பாக்கியம் அரசே!"

"மகிழ்ச்சி. எல்லா இலையும் என் இலை என்று நீரே சொன்னீர். வாளியை எடும். இந்த வரிசை முடிந்ததும் அந்த வரிசை."

விளக்கு வைக்கும் நேரம் வரை வரதுங்கர் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. அன்று அந்த நாட்டில் யார் இலையிலும் குழி காத்திருக்கவில்லை.