மல்லிக்குத் திட்டு விழுகிற மார்கழி

செடிகொடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், தோட்டம் வைத்திருப்பது இப்போதுபோல நிம்மதியான காரியமாக இல்லை. தண்ணீர் ஊற்றினால் சில்லென்று இருக்கிறது என்று ஒரு செடி முனகும். ஊற்றாவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி இன்னொன்று ஒப்பாரி வைக்கும். களை பிடுங்கப் போனால் களையும் தன் பங்குக்குத் திட்டும். அப்படிப்பட்ட காலத்தில், மேற்கு மலையின் உச்சியில், மார்கழி வந்தால் குடத்துத் தண்ணீர்கூட ஏடு கட்டி உறைந்துவிடும் ஒரு ஊரில் மாசாணி என்ற பெண் இருந்தாள். இத்தனை தொல்லையும் போதாதென்று அவள் அங்கே மல்லி வளர்த்தாள்.

மலையில் மல்லி வளர்ப்பதே வேண்டாத வேலை. அது வெயிலுக்குப் பிறந்த செடி. ஒரே ஒரு ராத்திரி உறைபனி பட்டால் இலையெல்லாம் வெந்ததுபோலக் கருகிவிடும். ஊரில் மற்றவர்கள் புத்திசாலிகள். வாசலில் செவ்வந்தி நட்டார்கள். அது பனியில் நனைந்துகொண்டே பூத்தது, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. மாசாணிக்கு மட்டும் மல்லிதான் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் அவளுடைய மகள் மயிலாத்தாள்.

மயிலாத்தாளை மலைக்குக் கீழே ஒரு நல்ல குடும்பத்தில் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணின் தலையில் அவளைப் பெற்றவள் தன் கையால் வளர்த்த மல்லியைத்தான் வைக்க வேண்டும். அந்தப் பூ இல்லாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளையின் தாயார் பொன்னாத்தாள், "மலையில மல்லி வருமுங்களா?" என்று இழுத்தபோது, மாசாணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏனுங்க வராது, கூடை கூடையா வரும்" என்று சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

எந்த மல்லி மலைக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் கீழே போய் மூன்று வகையிலும் பதியன் வாங்கி வந்து மூன்று மண்தொட்டியில் வைத்தாள். ஒன்று குண்டுமல்லி, மொட்டு உருண்டையாக இருக்கும், வாசனை வீட்டைத் தூக்கும். ஒன்று ஊசிமல்லி, மெலிந்து நீண்ட மொட்டு, தொடுக்கத் தொடுக்கச் சரம் அழகாக வரும். மூன்றாவது அடுக்குமல்லி, பூ பெரிது, இதழ் மேல் இதழாக இருக்கும், ஆனால் கொஞ்சமாகத்தான் பூக்கும். மூன்றும் வேர் பிடித்தன. கோடையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி பூத்தன. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாசாணிக்கு ஒப்பிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. காலையில் பூப்பறிக்கும்போது மூன்று பூவையும் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். குண்டுமல்லியிடம் போய், "உன்ற வாசம் அந்த ஊசிக்கு வருமாடி?" என்பாள். ஊசிமல்லியிடம் போய், "நீதாண்டி லச்சணம். அடுக்குப் பூ தலையில வச்சா முட்டைக்கோசு வச்சாப்பல இருக்குது" என்பாள். அடுக்குமல்லியிடம் போய், "உன்ற ஒரு பூவுக்கு அவளுக பத்துப் பூ ஈடாகுமா?" என்பாள். ஆசை காட்டினால் நிறையப் பூக்கும் என்று அவளுடைய எண்ணம்.

அவள் கணவன் வெள்ளிங்கிரிக்கு இது சரியாகப் படவில்லை. "ஏம்புள்ள, மூணுகிட்டயும் மூணு விதமாப் பேசறே. அதுகளுக்கு வாய் மட்டுமில்ல, காதும் இருக்குது" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. கூடை கூடையா வரணுமாக்கும்" என்றாள் மாசாணி.

கார்த்திகையில் குளிர் தொடங்கியது. பொழுது சாயும்போது தொட்டிகளை வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டும், காலையில் வெயில் வந்ததும் வெளியே வைக்க வேண்டும். வீடோ ஒரே அறை. அடுப்பு ஒரு மூலை, நெல்குதிர் ஒரு மூலை, மீதி இடத்தில்தான் மூன்று பேரும் படுக்க வேண்டும். இடுப்பு ஒடிய மாசாணி தொட்டிகளைச் சுமந்தாள். அதற்கு நன்றி சொன்னார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

"என்னைய எதுக்கு ஆத்தா கதவுகிட்ட வச்சே? லச்சணமா இருக்கறவ நானுன்னு நீதான சொன்னே?" என்றது ஊசிமல்லி.

"வாசம் இருக்கறவ அடுப்புகிட்ட இருக்கறதுதான் மொறை" என்றது குண்டுமல்லி.

"அடுப்புகிட்டப் புகை அடிக்குது. என்ற இதழு மங்கிப்போகும். எனக்குக் குதிர் மேல எடம் வேணும்" என்றது அடுக்குமல்லி.

மாசாணி இடம் மாற்றி வைத்தாள். மறுநாள் வேறு புகார். பூனை உரசியதாம். வெள்ளிங்கிரி குறட்டை விட்டானாம். குண்டுமல்லிக்கு மட்டும் ஒரு செம்பு தண்ணீர் கூட ஊற்றினாளாம். மயிலாத்தாளுக்குத் தூக்கமே போய்விட்டது. வெள்ளிங்கிரி தன் கம்பளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கே போய்விட்டான். மாடுகளுக்குப் பேச்சு வந்தாலும் இவ்வளவு பேச்சு வராது என்று அவன் சொன்னதில் தப்பில்லை. இதைச் சொல்லும் எனக்கே தலைவலி வருகிறது, அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவள் பாடு எப்படி இருந்திருக்கும்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் காற்று அடியோடு நின்றது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் இருந்த செவ்வந்தி எப்போதும் வாய் திறக்காதது. அன்று அதுவே, "மாசாணி, இன்னிக்குப் பனி கடுமையா எறங்கும். வெரசலா உள்ள எடுத்து வச்சுரு" என்றது.

மாசாணி அலறிப் புடைத்துக்கொண்டு குண்டுமல்லித் தொட்டியைத் தூக்கினாள். வாசற்படியில் காலை வைத்ததும் குண்டுமல்லி கிளைகளை விரித்து நிலைக்காலைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்துச் செடிகளுக்கு அது முடியும்.

"நேத்து ஊசி அடுப்புகிட்ட இருந்தா. இன்னிக்கு எனக்குன்னு வாக்குக் குடு. அப்பத்தான் உள்ள வருவேன்."

"அவளுக்குக் குடுத்தா நான் உள்ளயே வரமாட்டேன்" என்று ஊசிமல்லி பின்னாலிருந்து கிளையை நீட்டி மாசாணியின் சேலையைப் பிடித்தது. அடுக்குமல்லி இருவருக்கும் குறுக்கே விழுந்து, எனக்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போ என்றது. மூன்றும் பின்னிக்கொண்டு வாசலையே அடைத்துவிட்டன. மாசாணி கெஞ்சினாள். இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே கஞ்சி தீய்ந்து வாசனை வந்தது. மயிலாத்தாள் உள்ளே இருந்து, "ஆத்தா, பனி எறங்குது" என்று அழுதாள். புல்நுனியில் வெள்ளை படர ஆரம்பித்திருந்தது.

அப்போது குண்டுமல்லி கேட்டது, "நீயே சொல்லு ஆத்தா. எங்க மூணு பேருல ஆரு ஒசத்தி?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் மாசாணிக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினாள். "என்ற கெரகமே, உங்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு உட்டுப்போச்சு. ஒசத்தியா வேணும் ஒசத்தி" என்று ஒரு வீச்சு வீசினாள். வாசலை அடைத்த கிளைகள் எல்லாம் விழுந்தன. அதோடு நிற்கவில்லை. மண்ணுக்கு மேலே ஒரு முழம் விட்டு மிச்சத்தை எல்லாம் வெட்டினாள், ஒட்டியிருந்த இலைகளையும் உருவிப் போட்டாள். கடைசியில் மூன்று தொட்டியிலும் மொட்டைக் குச்சிகள்தான் நின்றன. எது குண்டு, எது ஊசி, எது அடுக்கு என்று வெட்டியவளுக்கே தெரியவில்லை.

செடிகள் ஒரு சத்தமும் போடவில்லை.

"செத்துத் தொலைங்க" என்று சொல்லி அரிவாளை எறிந்தாள். சொன்னாளே தவிர, கை சும்மா இருக்கவில்லை. மூன்று தொட்டியையும் சுவரோரமாக இழுத்து வைத்தாள். காய்ந்த புல்லை அள்ளி அள்ளி அவற்றின் மேல் போட்டாள், அதன் மேல் தன் கம்பளியைப் போர்த்தினாள். போர்த்திக்கொண்டே, "எனக்குன்னு வந்து வாச்சீங்களே, ஆகாவழிகளா, குளிருல வெறைச்சுப் போங்க" என்று திட்டினாள். அன்று ராத்திரி அவள் கம்பளி இல்லாமல் படுத்திருந்தாள்.

விடிந்து பார்த்தபோது ஊரே வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் எல்லோர் வீட்டு அவரைக்கொடியும் வாழையிலையும் கறுத்துத் தொங்கின. இலையோடு நின்ற எந்த இளஞ்செடியும் தப்பவில்லை. மாசாணி கம்பளியை விலக்கினாள். குச்சிகள் நேற்று இருந்தபடியே இருந்தன. கருகவும் இல்லை, பேசவும் இல்லை.

மயிலாத்தாள் வெளியே வந்து பார்த்தாள். "நீ செடிய வெட்டல ஆத்தா. என்ற கல்யாணத்த வெட்டிப்போட்டே" என்றாள். அதற்குப் பிறகு அவள் தாயோடு பேசவில்லை.

தை போயிற்று. மாசாணி தினமும் காலையில் புல்லை விலக்குவாள், சாயங்காலம் மூடுவாள். குச்சிகளுக்கு ஊற்றித்தான் என்ன ஆகப்போகிறது என்று தண்ணீர்கூட ஊற்றவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றின் முன்னால் உட்கார்ந்து திட்டுவாள். "ஏண்டி, உசுரு இருக்குதா இல்லையா? ஒரு பேச்சுப் பேசுனா வாய் தேஞ்சா போயிரும்? அன்னிக்கு அத்தனை பேச்சுப் பேசுனீங்களே." குச்சிகள் அசையவில்லை. அந்தப் பேச்சுக்கு அவள் எவ்வளவு எரிச்சல்பட்டாளோ, அதைவிட அதிகமாக இப்போது அதற்கு ஏங்கினாள்.

மாசியில் பொன்னாத்தாள் மலையேறி வந்தாள். "மல்லி எதுங்க?" என்றாள். மாசாணி குச்சிகளைக் காட்டினாள். பொன்னாத்தாள் குனிந்து பார்த்துவிட்டு, "வைகாசி பொறக்கட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மாசாணிக்குத் தெரியும். பொன்னாத்தாள் போனபின் தொட்டிகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

பங்குனியில் ஒரு நாள் அவள் புல்லை விலக்கியபோது, ஒரு குச்சியின் கணுவில் அரிசி முனைபோலப் பச்சையாக ஏதோ தெரிந்தது. மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். மெலிந்த குரல் ஒன்று கேட்டது.

"ஆத்தா, நாந்தான மொதல்ல துளுத்தது?"

மாசாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தெரியாது போ. நான் பாக்கல" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா. வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இரண்டாகக் கிளைத்தது, கிளைத்த ஒவ்வொரு நுனியிலும் கொத்தாக மொட்டு வைத்தது. போன கோடையில் ஒரு கைப்பிடி கொடுத்த செடிகள், இப்போது கூடை கூடையாகக் கொடுத்தன. வாய் தவறிச் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. மயிலாத்தாள் வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டுப் பறித்தாள்.

கல்யாணத்தன்று மாசாணி மூன்று மல்லியையும் கலந்து ஒரே சரமாகத் தொடுத்து மகளின் தலையில் வைத்தாள். பொன்னாத்தாள் சரத்தைத் தொட்டுப் பார்த்து, "இதுல எதுங்க ஒசத்தி?" என்று கேட்டாள். தோட்டம் முழுக்கக் கப்சிப்பென்று ஆனது.

"அதை மட்டும் கேக்காதீங்க சம்பந்தி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் மாசாணி.

மயிலாத்தாள் புருஷன் வீட்டுக்குப் போகும்போது ஒரு மல்லிப் பதியனைக் கொண்டுபோனாள். அடுத்த மார்கழி வந்ததும், கீழே உறைபனி இல்லாவிட்டாலும், கூடை கூடையாகப் பூக்கட்டும் என்று தாய் செய்ததுபோலவே ஒரு முழம் விட்டு வெட்டினாள், இலையை உருவினாள், புல்லால் மூடினாள். பங்குனி வந்தது. ஒரு முளை இல்லை. தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி வந்து தாயின் முன்னால் இறக்கினாள்.

மாசாணி பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தது. "எல்லாஞ் சரியாத்தான் செஞ்சிருக்கறே. வெட்டறப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணுஞ் சொல்லல ஆத்தா. மருமகளா வந்த ஊட்டுல சத்தம் போட முடியுமா? மெல்லமாத்தான் வெட்டுனேன்."

"அப்பறம் எப்படித் துளுக்கும்? ஆரோ ஊருல ஆரோ வெட்டறாங்கன்னு நெனச்சுட்டுக் கெடக்குது" என்று சொல்லிவிட்டு, மாசாணி குச்சியின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, எம்புள்ள உன்னையத் தலைச்சொமையாத் தூக்கிட்டு இத்தனை மேடு ஏறி வந்திருக்கறா. நீ நோகாம உக்காந்திருக்கறியா? ஒரு எலை உட்டா உன்ற சொத்துக் கொறைஞ்சு போயிருமா?" அப்படியே மகள் பக்கமும் திரும்பினாள். "நீ என்ன இப்படி எளைச்சு எலும்பாப் போயிருக்கறே? சோறு திங்கறதில்லையா? எண்ணெய் வச்சு எத்தனை நாளாச்சு இந்தத் தலைக்கு?"

மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க ஆத்தா. என்னையத் திட்டத்தான் ஆருமில்ல" என்றாள்.

அவள் அழுது முடிப்பதற்குள் குச்சியில் ஒரு கணு பிளந்து பச்சை தெரிந்தது.

பிறகு ஒரு காலத்தில் செடிகளுக்கு வாய் போய்விட்டது, காது போகவில்லை. அதனால்தான் இன்றும், மார்கழியில் மல்லியை வெட்டுகிற பெண்கள், அரிவாளை எடுத்ததிலிருந்து கீழே வைக்கிறவரை, பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல அதைத் திட்டிக்கொண்டே வெட்டுகிறார்கள்.