ஒற்றைக்காலில் நின்ற குளத்தங்கரை அணி

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் மிருகங்களின் கால்பந்து அணி ஒன்று இருந்தது. அதன் கோல்கீப்பர் மேகவண்ணன் என்ற எருமை. பந்து தன்னைத் தாண்டிப் போன பிறகுதான் அது தலையைத் திருப்பும். "கோலுக்கு இரண்டு கம்பம் என்று யார் சொன்னது? நடுவில் நான் ஒரு கம்பம்" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்ளும்.

அந்த வருடம் கோடை சீக்கிரமே வந்துவிட்டது. குளம் பாதியாய் வற்றியது. பக்கத்துப் பாறைக்காட்டு மிருகங்களுக்கும் அந்தக் குளம்தான் கதி. சண்டை வேண்டாம், பந்தாடித் தீர்த்துக்கொள்வோம் என்று இரு தரப்பும் முடிவு செய்தன. ஜெயிக்கும் அணி தெளிந்த நீரை முதலில் குடிக்கும். அவர்கள் கலக்கிவிட்டுப் போனதைத் தோற்ற அணி குடிக்கும்.

அப்போதுதான் மைனா செய்தி கொண்டுவந்தது.

"கடல் தாண்டி ஒரு பூநாரை வந்திருக்கிறார். போன இடத்திலெல்லாம் கோப்பை வாங்கித் தந்த கோச்சாம். நம் கேப்டன் கீரி பேசி முடித்துவிட்டார்!"

குளத்தங்கரையே ஆடிப்பாடியது. காட்டுப்பன்றி வெற்றி ஊர்வலத்துக்கு வழி பார்த்தது. முயல் பேட்டி கொடுக்கப் பேசிப் பழகியது. பயிற்சியை மட்டும் எல்லோரும் மறந்தார்கள்.

மேகவண்ணன் சேற்றில் வசதியாகப் படுத்துக்கொண்டது. "இத்தனை காலம் என்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோச் இல்லாததுதான் குறை போலிருக்கிறது" என்றது.

பூநாரை வந்தது. அணியை ஒரு பார்வை பார்த்தது.

"குளத்தைச் சுற்றி ஓடுங்கள்" என்றது.

"அப்புறம்?" என்று கேட்டது கீரி.

"அப்புறமும் ஓடுங்கள்."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் ஒரு காலை மடக்கி நின்றுகொண்டது.

எல்லோருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. "ஓடச் சொல்வதற்கா வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்?" என்று முணுமுணுத்தது முயல்.

மேகவண்ணன் மட்டும் கண்ணைச் சுருக்கியது. "பெரியவர்கள் ரகசியத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். அவர் காலைப் பாருங்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது."

எருமை இவ்வளவு யோசித்து யாரும் கண்டதில்லை. ஆகவே நம்பினார்கள். அன்று முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு, கோச்சின் முதுகுக்குப் பின்னால் அணி முழுக்க ஒற்றைக்காலில் நின்று பழகியது. பன்றி இரண்டு முறை குளத்துக்குள் விழுந்தது. மேகவண்ணனுக்கு நாலு காலில் எந்த மூன்றைத் தூக்குவது என்பதே பெரும்பாடாக இருந்தது.

ஆட்டநாள் வந்தது. பாறைக்காட்டு மான் பந்தோடு பாய்ந்து வந்தது. கரையோரத் தண்ணீரில் பூநாரை வழக்கம்போல் காலை மடக்கியது.

"சைகை காட்டிவிட்டார்" என்று கத்தியது மேகவண்ணன்.

அணி மொத்தமும் காலைத் தூக்கியது. மான் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டு கோலுக்குள் நடந்தே போனது. மூன்று காலைத் தூக்கப் பார்த்த மேகவண்ணன் மல்லாந்து விழுந்து கிடந்தது. திரும்பி எழுந்திருப்பதற்குள் இன்னும் மூன்று கோல் விழுந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தது. மேகவண்ணன் தலைகுனிந்தபடி கோச்சிடம் போனது.

"ஐயா, அந்த ஒற்றைக்கால் வித்தைக்கு என்னதான் அர்த்தம்?"

"வித்தையா? தண்ணீர் சில்லென்று இருந்தது. ஒரு காலையாவது சூடாக வைத்துக்கொள்ளலாம் என்று மடக்கினேன்."

"அதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கள் கேட்கவில்லையே. நான் ஓடத்தானே சொன்னேன்."

 எருமைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை யோசித்தேன். அதுவும் ஓடாமல் தப்பிப்பதற்காகத்தான்" என்றது.

அந்தக் கோடை முழுவதும் குளத்தங்கரை அணி கலங்கல் நீரைக் குடித்தது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். "படுக்க நன்றாகத்தான் இருக்கிறது, குடிக்கத்தான் சரியில்லை" என்று சொல்லியபடி மேகவண்ணனும் குடித்தது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மூச்சிரைக்க மூச்சிரைக்கக் குளத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்து வெட்கப்பட்டு முயலும் ஓடியது. கீரியும் பன்றியும் பின்னாலேயே ஓடின.

எவ்வளவு பெரிய குரு வந்தாலும், பாடுபட வேண்டியது நாம்தான்.