எட்டுக்கால் குதிரைக்குத் தாய் தேடிய கதை

குன்றையூரை ஆண்ட வல்லப பூபதிக்குக் குதிரை என்றால் உயிர். தனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். லாயத்தில் எந்தக் குதிரைக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று கேட்டால் உடனே சொல்வார்.

ஒருநாள் டென்மார்க் தேசத்து வணிகர் யென்ஸ் சபைக்கு வந்தார். கடற்கரைப் பட்டணத்தில் கடை வைத்துத் தமிழ் பழகியவர். பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"எங்கள் வடநாட்டுப் பழங்கதையில் ஓடின் என்று தேவர்களுக்கு ஓர் அரசன். அவன் குதிரை ஸ்லெய்ப்னிருக்கு எட்டுக் கால். கடல்மேலும் ஓடும், வானத்திலும் ஓடும்."

அன்று மதியம் அரசருக்குச் சோறு இறங்கவில்லை. "எனக்கும் அப்படி ஒன்று வேண்டும்" என்றார்.

மந்திரி மருதப்பருக்கு விகடகவி சிற்றம்பலத்தைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று குழைந்தார். "சிற்றம்பலம் மனசு வைத்தால் முடியாதது உண்டா, மகாராஜா? அவரிடமே ஒப்படையுங்கள்."

"ஒரு மாதம் தருகிறேன், சிற்றம்பலம். குதிரை வராவிட்டால் நீர் ஊரைவிட்டே போகவேண்டியதுதான்" என்றார் அரசர்.

சிற்றம்பலம் நேரே யென்ஸ் தங்கியிருந்த வீட்டுக்கு ஓடினார். "ஐயா, அந்தக் குதிரை ஓடினுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டார். யென்ஸ் சிரித்துக்கொண்டே முழுக்கதையையும் சொன்னார். திரும்பும்போது சிற்றம்பலம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் சபையில், "குதிரைக்கு வழி பிறந்துவிட்டது, மகாராஜா. அதைப் பெற ஒரு தாய்தான் வேண்டும்" என்றார்.

"என் லாயத்தில் எந்தப் பெண்குதிரையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்."

"பெண்குதிரை உதவாது. ஸ்லெய்ப்னிரைப் பெற்றது ஓர் ஆண்பிள்ளை. யென்ஸ் ஐயாவைக் கேளுங்கள்."

யென்ஸ் தலையாட்டினார். "உண்மைதான். தேவர் சபையில் லோகி என்று ஒருவன். பெண்குதிரையாக உருமாறி ஓர் ஆண்குதிரையோடு காட்டுக்குள் ஓடினான். திரும்பி வரும்போது எட்டுக்கால் குட்டியோடு வந்தான்."

"அந்த லோகி எப்படிப்பட்டவன் என்றும் சொல்லுங்கள்" என்றார் சிற்றம்பலம்.

"அரசனுக்குப் பக்கத்திலேயே இருப்பான். இனிக்க இனிக்கப் பேசுவான். அடுத்தவனைச் சிக்கலில் மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பான்."

சபை மொத்தமும் மருதப்பர் பக்கம் திரும்பியது. அரசர் குதிரை ஆசையில் எதையும் யோசிக்கவில்லை. "மருதப்பரே, நாட்டுக்காக இதைக்கூடச் செய்யமாட்டீரா?" என்றார்.

அன்றே மருதப்பரை லாயத்தில் குடிவைத்தார்கள். வேளைக்கு ஒரு படி ஊறவைத்த கொள்ளு. பக்கத்துக் கொட்டிலில் முரட்டுச் சிவப்புக் குதிரை ஒன்று. அது ராத்திரி பகல் பாராமல் அவர் குடுமியை மோந்துகொண்டே இருந்தது. மருத்துவச்சி காலையில் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒன்றும் தெரியவில்லை" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மருதப்பர் அரசர் காலில் விழுந்தார். "எட்டுக்கால் குதிரையை யாராலும் கொண்டுவர முடியாது, மகாராஜா. சிற்றம்பலத்தைத் துரத்தத்தான் அப்படிச் சொன்னேன். என்னை விட்டுவிடுங்கள்."

அரசருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மருதப்பரின் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தார். சிரிப்பு தாங்காமல் சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார். "பிழைத்துப் போம்" என்று மருதப்பரை அனுப்பிவிட்டு, "உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று சிற்றம்பலத்தைக் கேட்டார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. மந்திரியை மட்டும் தினம் ஒருமுறை லாயத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் எழுந்து வந்ததிலிருந்து சிவப்புக் குதிரை கொள்ளைத் தொடமாட்டேன் என்கிறது."