தளவாய் மாமாவின் அமெரிக்கக் கரண்ட்

சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தளவாய், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டார்.

"டல்லாஸ்ல வாங்கினது இது. உங்க ஊர் இருநூத்திமுப்பது வோல்ட்ல செருகினா வெடிச்சிடும். அமெரிக்கக் கரண்ட் கொண்டு வாங்க. இல்லேன்னா பந்தியில கை நனைக்க மாட்டேன்!"

பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. தாய்மாமன் சாப்பிடாமல் போனால் சம்பந்தமே கசந்துவிடும்.

பெண்ணின் தங்கை வடிவு சார்ஜரைப் புரட்டிப் பார்த்தாள். நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் வரை தாங்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"இப்பவே கொண்டாரேன் மாமா!"

அமெரிக்க வயரை மட்டும் கழற்றிவிட்டு, போட்டோகிராபரிடம் வாங்கிய நம்மூர் மூன்று முள் வயரைச் சார்ஜரில் மாட்டி, மேடைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினாள். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது.

"பார்த்தீங்களா? அமெரிக்கக் கரண்ட்டோட மிருதுவே தனி!" என்று தளவாய் மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார்.

சொல்லி வாய் மூடவில்லை, ஊர் முழுக்கக் கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றன. பச்சை விளக்கும் அணைந்தது.

வடிவு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயையோ மாமா, டல்லாஸ்லயும் கரண்ட் போயிட்டே!"

மண்டபமே குலுங்கியது. தளவாய் வயரைப் பிடித்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் போய், அது செருகியிருந்த மண்டபத்துப் பிளக்கைப் பார்த்தார். பிறகு நேரே போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.