ஆறுக்குட்டி உறைய வைத்த இன்ஜின்

ஆவாரம்பாளையத்தில் கனகராஜின் கராஜுக்கும் ஆறுக்குட்டியின் ரேடியேட்டர் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஆறுக்குட்டி வாயைத் திறந்துவிட்டால் அந்தச் சுவரும் கிடையாது. தங்கமான மனுஷர்தான். எந்த ரேடியேட்டரில் எந்த ஓட்டை இருந்தாலும் அடைத்துக் கொடுத்துவிடுவார். தன் வாயை அடைக்கிற வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கராஜுக்குள், தரையில் விரித்த ஒரு சாக்கின் முன்னால் கால் அகட்டி நின்றுகொண்டிருந்தார். சாக்குக்குக் கீழே பிரதீபாவின் ரேஸ் காரின் முன் பம்பர் இருந்தது. அந்தப் பம்பரில் அவர் காலையில் செய்து வைத்திருந்த காரியம் அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். பிரதீபாவின் கார் டர்போ வைத்த கார். டர்போ கக்குகிற சூடெல்லாம் இன்ஜின் ஆயிலில்தான் வந்து இறங்கும். போன ரேஸில் நாலாவது சுற்றிலேயே ஆயில் நூற்று நாற்பத்தைந்து டிகிரிக்கு ஏறி, சிவப்பு விளக்கு எரிந்து, அந்தப் பெண் ஓரமாக நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரும் ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையம் டிராக்கில் மறுபடி ரேஸ். அதற்குள் முன் பம்பரில் ஓட்டை வெட்டி ஓர் ஆயில் கூலர் வைத்தாக வேண்டும். கூலர் என்றால் குட்டி ரேடியேட்டர் மாதிரி. ஆயில் அதற்குள் ஓடி, எதிர்க்காற்றில் ஆறி, இன்ஜினுக்குத் திரும்பும்.

மெக்கானிக் கனகராஜ் பத்தொன்பது வரிசைக் குழாய் வைத்த, பலகாரத் தட்டு அளவுக் கூலர் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். ஆறுக்குட்டியிடம் லாரியில் இருந்து கழற்றிய கூலர் ஒன்று இருந்தது. அதைச் சூட்கேஸ் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு ரயிலேறலாம். எது காரில் ஏறுகிறதோ அந்தக் கடையின் பெயரைக் கார்க் கதவில் எழுதுவதாகப் பிரதீபா சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து ஆறுக்குட்டிக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் 'ஆறுக்குட்டி ரேடியேட்டர் ஒர்க்ஸ்' என்ற எழுத்து நூற்றறுபது கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது.

பிரதீபாவின் அம்மா சிவகாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "பத்தரைக்கு ராகு காலம் வந்துருது. எதை வெட்டறதா இருந்தாலும் அதுக்கு முன்னால வெட்டிருங்க சாமி."

ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம் பிறந்தது. கனகராஜ் கராஜைத் திறந்து வைத்துவிட்டு போல்ட் வாங்கப் போயிருந்தான். நல்ல நேரத்தை வீணாக்குவானேன் என்று ஆறுக்குட்டி தன் கூலரைப் பம்பர் மேல் வைத்து, சுற்றிலும் கோடு போட்டு, கட்டரை எடுத்து வெட்டியே விட்டார். வெட்டி முடித்து எட்ட நின்று பார்த்தபோதுதான், ஆட்டுக்குட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை தெரிந்தது. இன்னும் யாரும் எந்தக் கூலர் என்று முடிவே செய்யவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பம்பர் கிடைக்காது.

ஆகவே, ஓட்டையைச் சாக்கால் மூடினார். கனகராஜும் பிரதீபாவும் சிவகாமியும் வந்து சேர்ந்துவிட்ட இப்போது, அவர் பேசியே ஜெயித்தாக வேண்டும்.

"கண்ணு, இந்தச் சின்னக் கூலரெல்லாம் ஆத்தா பனையோலை விசிறியில விசிறுன மாதிரித்தான் இருக்கும்," என்று ஆரம்பித்தார். "பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் டர்போ வண்டி கொண்டாந்தாருங்க. ஆயில் நூத்தம்பது. நான் லாரிக் கூலரை மாட்டி உட்டேன். ஒரே ரவுண்டு. அறுபதுக்கு எறங்கிருச்சு. ரெண்டாவது ரவுண்டுல மனுசன் உள்ள வந்து, கம்பளி இருக்குதான்னு கேட்டாரு."

"ஏனுங்ணா, ஆயில் ஆறுனா டிரைவர் எதுக்குங்க நடுங்கறாரு?" என்றான் கனகராஜ்.

"பக்கத்துல ஐஸ் பெட்டி இருந்தா உனக்குக் குளிராதா? கேளு. அவரு அதே வண்டியில ஊட்டிக்குப் போனாரு. மேட்டுப்பாளையம் தாண்டறதுக்குள்ள சைலன்சர்ல இருந்து பொகை வரலீங்க. ஆலங்கட்டி வருது. பர்லியார்ல பழக் கடைக்காரங்க ஓடி வந்து, கூடை கூடையாப் பொறுக்கி மங்குஸ்தானுக்கு மேல கொட்டிக்கிட்டாங்க. அந்த வருசம் ஒரு பழம் அழுகலை."

சிவகாமி கையில் விபூதிச் சம்புடத்தோடு நின்றிருந்தார். பொய் சொல்கிறவரைக் கூடக் கூசவைக்க விரும்பாத மனசு அவருக்கு. "பழம் வீணாகாம இருந்தா நல்லதுதானுங்ணா," என்றார்.

பிரதீபா சிரிக்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து சின்னக் கூலரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "மாமா, எனக்கு ஞாயித்துக்கெழமை பத்து ரவுண்டு முழுசா ஓடணும். போன தடவை மாதிரி ஓரமா நிக்க மாட்டேன். அது போதும் எனக்கு."

அந்தக் குரலைக் கேட்டதும் ஆறுக்குட்டிக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியில் கனகராஜ் வாயைக் கொடுத்துவிட்டான்.

"திருப்பூர்க்காரர் ஒருத்தர் இதைவிடப் பெரிய கூலர் வெச்சு, ஆயிலை நாப்பதுக்கே எறக்கிட்டாருன்னு சொல்றாங்களேங்ணா."

"நாப்பதா?" ஆறுக்குட்டியின் மீசை துடித்தது. "நாப்பதெல்லாம் ஒரு குளிராடா? நம்ம கூலரைப் போட்டுச் செட்டிப்பாளையத்துல ஒருக்கா ஓட்டுனப்போ, பின்னால வந்த மூணு வண்டிக்குக் கண்ணாடியில பனி புடிச்சுருச்சு. கொடி காட்டற பையன் கொடியை ஆட்டுனான், அது அப்பளமாட்டம் வெறச்சு நின்னு, தட்டுனா ஒடையுது. சாயங்காலம் ஊட்டியில இருந்து ஸ்வெட்டர் விக்கறவங்க மூட்டை முடிச்சோட எறங்கி வந்து, டிராக் வாசல்ல கடை போட்டுட்டாங்க."

"டிகிரி எத்தனைன்னு சொல்லலியேங்ணா."

"பத்து."

"திருப்பூர்க்காரர் அப்புறம் அஞ்சுக்கும் எறக்குனாராம்."

கனகராஜ் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டிருந்தான். ஆறுக்குட்டிக்கோ சாக்கு மறந்தது, பம்பர் மறந்தது, ராகு காலமும் மறந்தது. திருப்பூர்க்காரன் மட்டும் கண் முன்னால் நின்றான்.

"அஞ்சா? டேய், நம்ம கூலர் போட்ட வண்டியில ஆயில் சைபருக்குக் கீழ போயி, மார்கழி நெய்யாட்டம் கட்டிருச்சுடா. அடியில போல்ட்டைக் கழட்டுனா ஒரு சொட்டு எறங்கலை. சுத்தியல்ல தட்டி, துண்டு துண்டாப் பேத்துக் கூடையில போட்டோம். இன்ஜின் அப்பிடியே உறைஞ்சு போச்சு. நாலு பேர் தள்ளியும் அசையலை. அண்டா அண்டாவா ரசம் வெச்சு ஊத்துனோம். மூணாவது அண்டாவுக்குத்தான் ஒரு இருமல் இருமுச்சு. இன்னைக்கும் அந்த வண்டி போனா மொளகு வாசம் வரும்."

சொல்லி முடித்து மீசையைத் தடவிக்கொண்டார். பிரதீபா எழுந்து நின்றாள்.

"அப்ப அந்த வண்டி ரேஸை முடிக்கலைங்களா மாமா?"

"எங்க முடிக்கறது? அதுதான் உறைஞ்சு..." என்றவர் பாதியில் நின்றார்.

"கனகராஜ் அண்ணா, மாமா சொல்றதுதான் சரி," என்றாள் அவள். "ரொம்பப் பெரிசு போட்டா ஆயில் சூடே ஏறாது. கெட்டியாவே கெடக்கும். நமக்கு நூறு, நூத்திப்பத்துல நின்னாப் போதும். பத்தொன்பது வரிசையே போட்டுருங்க. கூடவே ஒரு தெர்மோஸ்டாட்டும். ஆயில் சூடானதுக்கு அப்புறம் கூலர் பக்கம் கதவு தெறந்தாச் சரி."

மணி பத்து இருபது. சிவகாமி, "அப்ப வெட்டறதுக்கு முன்னால ஒரு பொட்டு வெச்சுர்றேன்," என்று குனிந்தார்.

"அம்மிணி, வேண்டாமுங்க, தூசி..." என்று ஆறுக்குட்டி குறுக்கே விழுவதற்குள் சிவகாமி சாக்கை எடுத்துவிட்டார்.

நாலு பேரும் ஓட்டையைப் பார்த்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் தரை நன்றாகத் தெரிந்தது.

ஆறுக்குட்டி தொண்டையைக் கனைத்தார். "நான் வெட்டலீங்க. காலையில நம்ம கூலரைப் பம்பர் மேல வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாக்கறேன், அந்தக் குளிரு தாங்காம பிளாஸ்டிக்கு தன்னால வெடிச்சு, சதுரமா உழுந்து கெடக்குது."

சிவகாமி விபூதி எடுத்த விரலால் ஓட்டையின் ஓரத்தை மெல்லத் தடவினார். "சுத்தியும் நீலப் பேனாவுல கோடு போட்டதும் குளிருதானுங்களா அண்ணா?"

ஆறுக்குட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் வாய் மூடியதை அந்தச் சுவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

"நல்ல நேரம் போயிருமேன்னு வெட்டிப்போட்டேன், கண்ணு," என்றார் ஒருவழியாக. "ஞாயித்துக்கெழமைக்குள்ள அடைச்சுக் குடுத்தர்றேன். அடைக்கறது மட்டும் எனக்கு நல்லா வரும். இது பொய்யில்லீங்க."

அது உண்மைதான். ராகு காலம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, அலுமினியத் தகடு வெட்டி, மிச்ச ஓட்டையை மூடி, நடுவில் பத்தொன்பது வரிசைக்கு மட்டும் அளவாக வாய் விட்டார். காற்று வேறெங்கும் சிதறாமல் நேராகக் கூலருக்குள் போகும்படி, தகட்டின் ஓரங்களை உள்ளே மடித்தும் விட்டார். கனகராஜே குனிந்து பார்த்துவிட்டு, "சுத்தமான வேலைங்ணா," என்றான். கதவில் கனகராஜ் கராஜின் பெயர் ஏறியது. பிரதீபா யோசித்துவிட்டு, தகட்டின் மேல் சின்ன எழுத்தில் 'ஆறுக்குட்டி ரேடியேட்டர் ஒர்க்ஸ்' என்று தானே எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செட்டிப்பாளையத்தில் தார் இளகுகிற வெயில். கார் பத்துச் சுற்றும் ஓடியது. ஆயில் நூற்றெட்டைத் தாண்டவில்லை. பிரதீபா ஐந்தாவதாக வந்தாள். சிவகாமி கந்த சஷ்டிக் கவசத்தை இரண்டு தரம் முடித்திருந்தார்.

வண்டி உள்ளே வந்து நின்றதும், பக்கத்து டீம்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, இவ்வளவு பெரிய ஓட்டை போட்டு எதற்குத் தகடு வைத்து மூடினீர்கள் என்று கேட்டார்.

ஆறுக்குட்டி துண்டை உதறித் தோளில் போட்டார். மீசை மறுபடி நிமிர்ந்தது.

"முழுசாத் தெறந்து உட்டா பின்னால வர்ற வண்டிக்கெல்லாம் குளிரெடுக்குமுங்க. பாவம், அவிங்களும் புள்ள குட்டிக்காரங்க. அதுதான் நானே பாத்துப் பாதியை அடைச்சு உட்டேன். அடைச்சும் பாருங்க, இங்க நிக்க முடியலை, கை காலெல்லாம் வெறைக்குது."

சிவகாமி பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"குடிங்ணா. சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு."