ஆற்றியே தீர வேண்டும்

“அவ என் ஆட்டத்தையே கெடுத்துட்டா டீச்சர். அவளைக் கட்டிப்போட ஒரு விதி எழுதிக்கிட்டு வந்திருக்கேன். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

கதிரேசன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பொரிந்தான்.

பர்வீன் டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. திருச்சி பாலக்கரையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் உட்கார்ந்து ஆட்டங்களுக்கு விதி எழுதுகிறவர். கதிரேசனைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் விதி எழுதக் கற்றுக்கொள்ள வருகிற எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

“செருப்பைக் கழட்டுங்க சார்,” என்றார். “கோபம் உள்ள வரலாம். செருப்பு வரக்கூடாது.”

கதிரேசன் கழற்றினான். கோபத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

அவன் எழுதியிருப்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நினைத்தது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

பாத்திரங்கள் நாலு வகை. வாள்வீரன், வேவுக்காரன், நெருப்பு மந்திரவாதி, வைத்தியர். நாலும் இருந்தால்தான் பூதம் காக்கிற கோட்டையைப் பிடிக்க முடியும். அப்படித்தான் அவன் எழுதியிருந்தான்.

மூன்று வருஷ உழைப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஆட்டக் கண்காட்சி. முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவே அவன் குழு இதை ஆடிக்காட்ட வேண்டும். இந்த நேரம் பார்த்தா ஒருத்தி காலை வாருவாள்?

“யாரு, ஜெசிந்தாவா?” என்று கேட்டார் டீச்சர்.

“அவளேதான். காலேஜ்ல இருந்து பழக்கம். வேற யார் பண்ணியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும்.”

“என்ன பண்ணாங்க?”

“வாள்வீரனா ஆடுறானே அருள்மணி, அவன் போன சனிக்கிழமை அகழியில குதிச்சான். முதலை கடிச்சுடுச்சு. உயிர் போற நிலைமை. இவதான் வைத்தியர். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காயம் ஆறிடும். சொல்லலை.”

“சொல்லலையா?”

“‘ஆத்த மாட்டேன்’னுட்டா. பகடையைக் கீழ வச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டா. அவன் செத்தான். அவன் போனதும் மத்தவங்களும் வரிசையா செத்தாங்க. கதை அம்போன்னு நின்னுடுச்சு. இவ பையை எடுத்து மாட்டிக்கிட்டு, ‘ஞாயித்துக்கிழமை என்னைத் தேடாதே’ன்னு போயிட்டா.”

சொல்லச் சொல்ல அவனுக்கு வயிறு எரிந்தது. பின்னே, எரியாதா? வைத்தியர் என்று பெயரை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க மாட்டேன் என்றால் எந்த ஊர் ஒத்துக்கொள்ளும்?

“வைத்தியரோட மந்திரத்துக்கு என்ன விதி வச்சிருக்கீங்க?”

கதிரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆட்டத்திலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்த விதி அதுதான்.

“எதுவும் சும்மா கிடைக்கக்கூடாது டீச்சர். மந்திரம்னா ஒரு விலை இருக்கணும். அடுத்தவங்க காயம் எவ்வளவு ஆறுதோ, அவ்வளவு உயிர் வைத்தியர்கிட்ட இருந்து குறையும்.”

“நெருப்பு எறிஞ்சா?”

“ஒரு சுற்று கை ஓயும். அடுத்த சுற்று திரும்பவும் எறியலாம்.”

“வாள் வீசினா?”

“வாள்ல என்ன மந்திரம் இருக்கு? அதுக்கு எதுக்கு விலை?”

டீச்சர் கையை நீட்டினார். கதிரேசன் புது விதி எழுதிய தாளைக் கொடுத்தான்.

‘உயிர் மிச்சமிருக்கும் வரை, கேட்டவருக்கு வைத்தியர் ஆற்றியே தீர வேண்டும்.’

“கையெழுத்து அழகா இருக்கு,” என்றார் டீச்சர். “ஆடிப் பாத்துடலாம்.”

கதை நடத்துகிறவர் தன் பகடையை மறைத்துக்கொள்ள முன்னால் ஓர் அட்டையை நிறுத்திக்கொள்வது வழக்கம். கதிரேசன் பழக்கத்தில் அதை எடுக்கப் போனான். டீச்சர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கதையை நான் நடத்துறேன். வாள்வீரன், வேவுக்காரன், மந்திரவாதி மூணு பேருக்கும் நானே ஆடிக்கிறேன். யாரு வைத்தியர்?”

அறையில் இருந்ததே இரண்டு பேர். டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் இருக்கணும் போல,” என்று சிரித்தான் கதிரேசன்.

“இதுக்கு முன்னாடி வைத்தியரா ஆடியிருக்கீங்களா?”

“எழுதினவனே நான்தான் டீச்சர். எனக்குத் தெரியாத விதி இதுல ஒண்ணு கிடையாது.”

“நான் அதைக் கேக்கலை சார்.”

கதிரேசன் எப்போதும் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவன்.

டீச்சர் வைத்தியரின் பாத்திரத் தாளை அவன் முன்னால் வைத்தார். பெயர் என்று போட்டிருந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல், சும்மா ஆட்டம்தானே என்று அவன் பகடையைக் கையில் எடுத்தான்.

“அகழி வருது,” என்று ஆரம்பித்தார் டீச்சர். “மேல பாலம் இருக்கு. வாள்வீரன் பாலத்துல போகலை. குதிக்கிறான்.”

“பாலம் இருக்கும்போது எதுக்குக் குதிக்கணும்?”

“ஜாலியா இருக்கும்னு. முதலை கடிச்சாச்சு. வைத்தியரே, ஆத்துங்க.”

கதிரேசன் ஆற்றினான். தாளில் தன் உயிர்க் கணக்கில் பாதியை அடித்தான்.

“கரையில ஒரு பொந்து. பாம்பு இருக்கான்னு பாக்க வேவுக்காரன் உள்ள கையை விடுறான்.”

“குச்சியை விட்டுப் பாக்க வேண்டியதுதானே?”

“குச்சி தேடணும். கை கூடவே இருக்கு. கடிச்சுடுச்சு. ஆத்துங்க.”

அவன் ஆற்றினான். அவனுக்குக் காது சூடேறியது. இவர்களுக்கென்ன, சட்டையில் அழுக்குப் பட்டால் அடுத்தவன் துவைப்பான் என்கிற தைரியம்.

“மந்திரவாதி நெருப்பைப் பக்கத்துலேயே எறிஞ்சு தன் காலையே சுட்டுக்கிட்டா. ஆத்துங்க.”

“முடியாது டீச்சர். இது அநியாயம்.”

“எந்த விதிப்படி?”

கதிரேசன் வாயைத் திறந்தான். மேசைமேல் அவன் கையெழுத்திலேயே விதி கிடந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவன் ஆற்றினான். வைத்தியர் செத்துப்போனார்.

டீச்சர் அவனுடைய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். மூன்று பேரும் கோட்டைக்குள் போனார்கள். அங்கே பூதம் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் குறட்டையில் தூண்கள் ஆடின. இவ்வளவு அருமையாகத் தன் கதையை யாரும் சொல்லிக் கதிரேசன் கேட்டதில்லை. அவனுக்குக் கை துறுதுறுத்தது.

“டீச்சர், அந்தத் தூணுக்குப் பின்னால—”

“செத்தவங்க பேசக்கூடாது. உங்க விதிதான்.”

அவன் அடங்கினான். தன் பகடையை உருட்டினான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. சுவரைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பூதம் கண் விழித்துவிட்டது, வாள்வீரன் மீசையை முறுக்குகிறான், இவன் மட்டும் கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“சும்மாதானே இருக்கீங்க சார்,” என்றார் டீச்சர், கதையிலிருந்து தலையைத் தூக்காமல். “கீழ போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்களேன்.”

இதுவேறயா? பல்லைக் கடித்துக்கொண்டு கதிரேசன் படியிறங்கினான்.

டீக்கடையில் நின்றபோதுதான் அது அவனுக்கு உறைத்தது.

சனிக்கிழமைதோறும், கதை சூடுபிடிக்கிற நேரத்தில், ஜெசிந்தா எழுந்து போவாள். அவன் வீட்டு அடுப்படியில் எல்லாருக்கும் டீ போட்டு எடுத்து வருவாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் போல என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். உன் டீ மாதிரி வராது என்று பாராட்டு வேறு.

ஒவ்வொரு வாரமும் அந்த நேரத்துக்குள் அவளுடைய வைத்தியர் செத்திருப்பார். அவள் வேறு எங்கே போவாள்?

கண்ணாடித் தம்ளர் கையைச் சுட்டது. அவன் அப்படியே பிடித்துக்கொண்டு மேலே ஏறினான்.

“வாங்க,” என்றார் டீச்சர். “கோட்டையைப் பிடிச்சாச்சு. வாள்வீரனுக்கு மாலை போட்டு ஊர்வலமா கூட்டிட்டுப் போறாங்க.”

“வைத்தியருக்கு?”

“வைத்தியர் பேரு யாருக்கும் ஞாபகம் இல்லை. பேரு வச்சீங்களா?”

அவன் வைக்கவில்லை. ஜெசிந்தா ஆரம்பத்தில் ஆசை ஆசையாகப் பெயர் எழுதுவாள். எப்போதிலிருந்து அந்த இடத்தைக் காலியாக விட ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

டீயை மேசையில் வைத்தான். தம்ளர் ததும்பிச் சிந்தியது. அவனுக்கு அடக்க முடியாமல் பொத்துக்கொண்டு வந்தது.

“இது என்ன நியாயம் டீச்சர்? பாலம் இருக்க அகழியில குதிச்சவனுக்கு மாலை. அவனுக்கு உயிரைக் கொடுத்தவ வாயைக்கூடத் திறக்கக்கூடாது, எந்திரிச்சுப் போய் டீ போடணும். அந்த வாள்வீரனைக் கேக்க ஆளே இல்லையா?”

“அவர் விதிப்படிதான் ஆடினார்.”

“எவன் எழுதின விதி இது?”

டீச்சர் தம்ளரை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார்.

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும் வரை கதிரேசன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு போனை எடுத்தான்.

ஜெசிந்தா உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது குரலில் ஒட்டுதல் இல்லை.

“சொல்லு.”

“ஞாயித்துக்கிழமை வர்றியா?”

“எதுக்கு? செத்துட்டு டீ போடவா?”

கதிரேசன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“மொத நாளே நான் நெருப்பு மந்திரவாதிதான் கேட்டேன் கதிரு,” என்றாள் அவள். “நீதான், வைத்தியர் இல்லாம கதை நகராது, உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தின்னு சொல்லி என் தலையில கட்டின. அன்னைலேர்ந்து, யாரு வைத்தியர்னு கேட்டாப் போதும், எல்லாரும் ஒண்ணா என் மூஞ்சியைப் பாக்கறீங்க.”

“தெரியும்.”

“என்ன தெரியும் உனக்கு?”

“ஞாயித்துக்கிழமை நெருப்பை நீ எறி, ஜெசி.”

போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தான். வைக்கவில்லை.

“அப்ப வைத்தியர் யாரு?” என்று கேட்டாள்.

டீச்சர் கவிழ்த்து வைத்திருந்த தாளை நிமிர்த்தி அவன் பக்கம் தள்ளினார்.

கதிரேசன் அதைக் கையில் எடுத்தான். அருள்மணியிடம் கொடுக்கலாமா என்று யோசித்தான். பாவம், அவன் விளையாட்டுப் பிள்ளை. வேவுக்காரனாக ஆடுகிற பையன் இப்போதுதான் குழுவில் சேர்ந்திருக்கிறான், அவன் தலையிலா? இதுவரை நெருப்பு எறிந்தவளை இதில் உட்காரவைத்தால் அவளும் நாளைக்குப் பையை எடுத்து மாட்டுவாள். தானே ஆடலாம் என்றால், கொஞ்சநேரம் ஆடியதற்கே இன்னும் காது சுட்டுக்கொண்டிருக்கிறது.

மதுரைக்கு வரப்போகிற ஜனங்களை நினைத்துப் பார்த்தான். முகம் தெரியாத அவர்களில் ஒருவர் கையில்கூட அந்தத் தாளைக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“கதிரு, யாருன்னு கேட்டேன்.”

“ஒரு நிமிஷம் இரு,” என்று போனில் சொல்லிவிட்டு, அவன் தன் விதித் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு, டீச்சரிடம் கை நீட்டினான்.

“ஒரு பேனா கொடுங்க.”